கோரைத்தீவில் பன்னிரண்டு நாள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. தூரத்தில் இருந்தால் நான் குரலை உயர்த்த வேண்டியிருக்கும், குரலை உயர்த்தினால் கதையில் ருசி போய்விடும். இன்றைக்கு ஒரு கதை தருகிறேன். இதில் யாரும் சாகமாட்டார்கள், யாரும் யாரையும் அடிக்கமாட்டார்கள். வெளியே போன ஒரு பெண்பிள்ளையை மறுபடி உள்ளே விடுவார்களா, மாட்டார்களா என்பதுதான் கதை. அதற்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும், பாருங்கள்.

இது நாமெல்லாம் போய் நெடுநாள் கழித்து நடப்பது. அப்போது கடல்மேலே ஒரு நாடு இருந்தது. பெரிய பெரிய மிதவைகளைப் பிணைத்து, அதன்மேல் வீடு, பள்ளிக்கூடம், நெல்வயல் எல்லாம் வைத்திருந்தார்கள். பெயர் நீளமாக ஏதோ இருந்தது. நம் ஆட்கள் அதை மிதவை என்றுதான் சொல்வார்கள். வேலைக்கென்று போன நம்மவர்கள் அங்கே நிறையப் பேர்.

பழைய நாளில் அயல்நாட்டில் தங்க அனுமதித்த நாள் முடிந்துவிட்டால் என்ன செய்வார்கள்? காலையில் பேருந்து ஏறி எல்லையைத் தாண்டுவார்கள். அந்தப் பக்கத்துக் கடையில் ஒரு டீ குடிப்பார்கள். வெளியே போனதற்கு ஒரு முத்திரை, உள்ளே வந்ததற்கு ஒரு முத்திரை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார்கள். புதிதாக ஆறு மாதம் கிடைத்துவிடும். மிதவைக்காரர்களுக்கு இந்த விளையாட்டு பிடிக்கவில்லை. போனால் போனதாக இருக்க வேண்டும், காகிதம் மட்டும் போய்விட்டு வரக்கூடாது என்றார்கள். முத்திரையைப் போலிசெய்யலாம், முகத்தையே போலிசெய்ய ஆரம்பித்துவிட்டார்கள். எதைப் போலிசெய்ய முடியாது என்று யோசித்துத் தண்ணீரைப் பிடித்தார்கள்.

மிதவையில் ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. கடல்நீரை உப்பெடுத்துத்தான் குடிக்க வேண்டும். அப்படி எடுக்கும்போதே அதில் ஓர் அடையாளம் சேர்த்தார்கள். தண்ணீரில் இயல்பாகவே கொஞ்சம் கனமான அணுக்கள் இருக்குமாம். அதைச் சிறிது கூட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். நிறமில்லை, மணமில்லை, கெடுதலும் இல்லை. ஆறு மாதம் அதைக் குடித்து, அதில் சமைத்துச் சாப்பிட்டால் உடம்பு முழுக்க மிதவைத் தண்ணீர்தான். நாக்கில் ஒரு சீட்டை வைத்தால் நூற்றுக்கு எத்தனை என்று எண் தெரியும்.

நூற்றெண்பது நாள் முடிந்ததும் வெளியே போக வேண்டும். வேறிடத்துத் தண்ணீரைக் குடித்து, பழைய தண்ணீரைக் கழித்து, பன்னிரண்டாம் நாள் வாசலுக்கு வர வேண்டும். எண் நாற்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் உள்ளே விடுவார்கள். இப்படித் தவறாமல் இருபது தடவை வந்துவிட்டால் நிரந்தரக் குடி. நடுவில் ஒரு தடவை தவறினாலும் திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

அமலோற்பவத்துக்கு அது இருபதாவது தடவை.

தூத்துக்குடிக்காரி. ஐம்பத்திரண்டு வயது. நல்ல கனத்த குரல். மிதவையில் தண்ணீர் ஆலைத் தொழிலாளர்கள் நாற்பது பேருக்குச் சமைத்துப்போடும் மெஸ் நடத்தினாள். கணவர் தொம்மை அந்த ஆலையிலேயே வேலை. ஆலைக்காரர்களுக்கு வேலை இருக்கும்வரை அனுமதி உண்டு, வெளியே போய்வர வேண்டியதில்லை, ஆனால் நிரந்தரக் குடியாகவும் முடியாது. அந்த அனுமதியின் பேரில்தான் அவளும் ஆறு மாதத்துக்கொரு தடவை போய்வந்து தங்கினாள். இன்னும் இரண்டு மாதத்தில் அவர் ஓய்வுபெறுகிறார். அன்றோடு அவருடைய அனுமதி தீர்ந்தது. அதற்குள் அமலோற்பவம் நிரந்தரக் குடியாகிவிட்டால் அவளுடைய கணவர் என்ற பெயரில் அவர் இருக்கலாம். இல்லையென்றால் இரண்டு பேரும் மூட்டைகட்ட வேண்டியதுதான்.

தண்ணீர் மாற்றக் கோரைத்தீவுக்குப் புறப்படுகிற காலையில் மெஸ் வாசலில் கூட்டம். பத்து வருடமாக அவள் கையால் சாப்பிட்டவர்கள் எல்லாரும் அன்றைக்கு அவளுக்குச் சமைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். முறுக்கு, தட்டை, முந்திரிக்கொத்து, அதிரசம், அரிசிமாவு உருண்டை. ஆளுக்கொரு டப்பா.

“இதென்ன, கோரைத்தீவுல பஞ்சமா?” என்றாள்.

“கடைசிப் பயணம்லா, அதான்” என்றான் பம்பு அறையில் வேலை பார்க்கும் ஒருவன்.

“ஏலே, வாயக் கழுவு! கடைசிப் பயணமாம். சொல்லுத சொல்லப் பாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். தொம்மை மட்டும் சிரிக்கவில்லை. பெரிய தகர டின்னில் எல்லாவற்றையும் அடுக்கி மூடியைத் தட்டி இறுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். “அமலி, அங்கன போயி ஊர்க்கதை பேசிக்கிட்டு இருக்காத. தண்ணியக் குடி.”

“இருபது தடவை போறவளுக்குப் பாடம் எடுக்காரு. ஒழுங்கா மாத்திரை போடுங்க. வாரேன்.”

வெளிவாசலில் தண்ணீர்ப் புட்டிகளைத்தான் தேடுவார்கள். டின்னைத் திறந்து பார்த்த காவலர், “எல்லாம் காய்ந்த பண்டம்” என்று மூடிக் கொடுத்துவிட்டார்.

கோரைத்தீவு இரண்டு மணி நேரப் படகுத்தூரம். வேறொரு நாட்டுக்குச் சொந்தமான இடம். ஒரு விடுதி, சில தென்னைகள், பெரிய உப்பளம், நல்ல ஊற்றுத் தண்ணீர். மிதவைக்காரர்கள் தண்ணீர் மாற்ற வருவதாலேயே அந்தத் தீவு பிழைத்தது. அந்தத் தடவை அமலோற்பவத்தோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் காயல்பட்டினத்து மைதீன் பாய், துணி தைப்பவர், ஏழாவது தடவை. இன்னொருத்தி யாழ்ப்பாணத்துத் தவமலர், சின்னப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. அவளுக்கு மூன்றாவது தடவைதான். நாலு வயது மகனை மிதவையில் கணவனோடு விட்டுவிட்டு வந்ததால் முதல் நாள் முழுக்க முகம் வாடியிருந்தாள்.

முகம் வாடியவர்களைப் பார்த்தால் அமலோற்பவத்துக்குக் கை சும்மா இருக்காது. டின்னைத் திறந்தாள்.

விடுதிச் சாப்பாடு சப்பென்று இருக்கும். இது வாயில் வைத்தால் கரைகிற முந்திரிக்கொத்து. காலையில் இரண்டு, நாலு மணிக்கு நாலு, பேச்சு சுவாரசியத்தில் எண்ணாமல் எத்தனையோ. மதியச் சோற்றைப் பாதி தள்ளிவிட்டு முறுக்கைக் கடித்தார்கள். தாயக்கட்டம் போட்டார்கள். மைதீன் பாய் தோற்கும்போதெல்லாம் கட்டை சரியில்லை என்றார். தவமலர் மெல்லச் சிரிக்கத் தொடங்கினாள். ஐந்து நாள் போனதே தெரியவில்லை.

ஆறாம் நாள் காலையில் சீட்டு வைத்துப் பார்த்தார்கள். அறுபத்தைந்து காட்ட வேண்டிய நாள்.

மைதீன் பாய்க்கு எண்பது. தவமலருக்கு எழுபத்தெட்டு. அமலோற்பவத்துக்கு எண்பத்தாறு.

“சீட்டு பழசா இருக்கும்” என்றார் பாய். புதுச் சீட்டு வைத்தார்கள். அதே எண்.

“தண்ணியெல்லாம் இங்கத்தது. சோறு இங்கத்தது. பெறவு எப்பிடி இறங்காம நிக்கி?” என்று கேட்டுக்கொண்டே அமலோற்பவம் பழக்கத்தில் டின்னுக்குள் கை விட்டாள்.

தவமலர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, பொறுங்கோ. இது என்ன அரிசியில செய்தது?”

“மிதவை அரிசிதான். நம்ம வயல்ல விளைஞ்சது.”

“ஐயோ.” தவமலர் உட்கார்ந்துவிட்டாள். “அந்த வயலுக்குப் பாயிறதும் அந்தத் தண்ணிதானே அக்கா.”

“பாயட்டுமே. இது எண்ணெயில பொரிச்சது தாயி. ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. பாரு, நொறுங்குது.”

“நீங்கள் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி, அதுக்கு மேல குளிர்ந்த தட்டைப் பிடிச்சுப் பாருங்கோ. தட்டில பனி மாதிரி வேர்க்கும். மெழுகுக்குள்ள தண்ணியே இல்லை, எரியேக்க பிறக்குது. சாப்பாடும் அப்பிடித்தான், எங்கட உடம்புக்குள்ள எரியுது. எரியேக்கத் தண்ணி உண்டாகும். நெல் குடிச்ச தண்ணியின்ர அடையாளம் அந்த அரிசிக்குள்ளேயே இருக்கு. அது திரும்பத் தண்ணியா எங்கட உடம்பில இறங்குது. விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கே இது முதல் நாள் விளங்கேல்லை. முறுக்கு வாயை அடைச்சுப்போட்டுது.”

மூன்று பேரும் டின்னைப் பார்த்தார்கள். முக்கால்வாசி காலி.

மைதீன் பாய் தாடியைத் தடவினார். “அப்போ நாம அஞ்சு நாளா மிதவையத் தின்னுக்கிட்டு இருந்திருக்கோம்.”

யாரும் சிரிக்கவில்லை. அமலோற்பவம் எழுந்து வெளியே போய் நின்றாள். நாலு வயதுப் பிள்ளையை விட்டுவந்தவளுக்கு முறுக்கு கொடுத்தது அவள் கைதானே. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் மெஸ் குரல்தான்.

“எந்திரிங்க ரெண்டு பேரும். இன்னும் ஆறு நாள் இருக்கு. உடம்புல இருக்க தண்ணி வெளிய போவணும், அம்புட்டுதான? நான் உப்பளத்துல பொறந்தவ. வேர்க்குறதுக்கு நான் வழி காட்டுதேன்.”

உப்பளக்காரர்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கூலி வேண்டாம், வேலை மட்டும் கொடுங்கள் என்று கேட்கிற ஆட்களை அவர்கள் பார்த்ததில்லை. காலை ஆறு மணிக்குப் பாத்தியில் இறங்கினார்கள். அமலோற்பவம் உப்பு வாருகிற பலகையைப் பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டு அங்கே இருந்த கிழவர் ஒருவர் கும்பிடே போட்டுவிட்டார். மைதீன் பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கூடைக்கு ஒரு முனகல் போட்டார். தவமலர் வெயிலில் கறுத்துப்போனாள். சட்டை முழுக்க உப்புக்கோடு. மணிக்கொரு தடவை செம்பு செம்பாக ஊற்றுத் தண்ணீர், அதற்கு நடுவில் இளநீர், தர்பூசணி. பாதி நேரம் உப்பளத்தில், மீதி நேரம் கழிப்பறை வாசலில்.

“பாய், சீக்கிரம் வாங்க, வரிசை நிக்கி!”

“அக்கா, மனுசன நிம்மதியா இருக்க விடுங்களேன்.”

ஆனால் எண் இறங்கியது. எட்டாம் நாள் எழுபதுக்குக் கீழே. பத்தாம் நாள் ஐம்பத்தைந்து. பாய்க்கும் தவமலருக்கும் போட்டிபோட்டு இறங்கியது. மூன்றாவது ஆளுக்குத்தான் வேடிக்கை. மற்ற இரண்டு பேரையும்விட அதிகம் வேர்த்தவள், அதிகம் குடித்தவள் அவள்தான். பத்தாம் நாள் அறுபத்தாறு. பதினோராம் நாள் அறுபது. பன்னிரண்டாம் நாள் விடிந்தபோது ஐம்பத்தெட்டில் வந்து நின்று அசையமாட்டேன் என்றது. மைதீன் பாய் நாற்பத்து மூன்று. தவமலர் நாற்பத்தொன்று.

படகில் ஏறினார்கள். தவமலர் அமலோற்பவத்தின் தோளில் சாய்ந்துகொண்டாள். பாய்தான் பொறுக்கமாட்டாமல் பைக்குள்ளிருந்து ஓர் இளநீரை எடுத்தார். அதன் கண்ணைத் திறந்து தக்கை வைத்து அடைத்திருந்தது.

“அக்கா, சொன்னாக் கேளுங்க. சீட்டு நாக்குலதானே வைப்பாங்க? வரிசை வந்ததும் ரெண்டு மடக்கு வாயில ஊத்திக்கிட்டு அப்படியே நில்லுங்க. நாக்கு நனஞ்சிருந்தா நாப்பதுதான் காட்டும். மூணு வருசம் முந்தி நான் செஞ்சிருக்கேன்.”

“தப்பில்லையா பாய்?”

“முறுக்குத் தின்னது தப்பா? தொம்மை அண்ணன் ரெண்டு மாசத்துல எங்க போவாரு, அத யோசிங்க.”

அதைத்தான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மிதவையின் நுழைவாசல் கூடம் அகலமானது, வெளிச்சமானது. எதிர்ப்பக்கம் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் கரைமேடையில் தொம்மை நிற்பது தெரிந்தது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரித் தலையைப் படிய வாரியிருந்தார்.

தவமலர் போனாள், நாற்பத்தொன்று, கதவு திறந்தது. மைதீன் பாய் போனார், நாற்பத்து மூன்று, கதவு திறந்தது. போகும்போது கன்னத்தை உப்பிக் காட்டி ஜாடை செய்தார். அமலோற்பவம் திரும்பி நின்று இளநீரை வாய் நிறைய ஊற்றிக்கொண்டு முன்னே போனாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மலேசியாவில் ஈப்போ பக்கத்துத் தமிழ்ப்பெண். பெயர் குணவதி என்று சட்டையில் எழுதியிருந்தது. சிரித்த முகம்.

“வாங்க ஆன்ட்டி. இருபதாவது எண்ட்ரியா? நல்லதுமா. எங்க போறீங்க, சொல்லுங்க?”

பத்து வருடமாக எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். வழக்கமாகத் தெரு எண்ணைச் சொல்வாள். இன்றைக்கு வாயைத் திறந்தால் கொட்டிவிடும். கண்ணாடிக்கு அப்பால் தொம்மை கையை உயர்த்தி, சின்னப்பிள்ளைக்குக் காட்டுவதுபோல மெல்ல அசைத்தார்.

அமலோற்பவம் மடக்கென்று விழுங்கினாள். புரையேறியது. இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “வீட்டுக்குப் போறேன் தாயி. வாயில இளநி இருந்துச்சு. ஏமாத்தலாம்னுதான் வச்சிருந்தேன். வீட்டுக்குப் போறவ களவாணி மாதிரி எதுக்குப் போவணும்? நீ தண்ணி குடுத்து வாயக் கழுவச் சொல்லு, நல்லாக் கழுவுதேன், கால் மணி நேரங் கழிச்சு வச்சுப் பாரு. எனக்கு ஐம்பத்தெட்டு. இறங்கவே இல்ல.”

குணவதி தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். வாயைக் கழுவவைத்தாள். உட்காரவைத்தாள். கால் மணி நேரம் கழித்துச் சீட்டை வைத்தாள். ஐம்பத்தெட்டு. எழுந்துபோய்க் கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“இப்ப நான் சொல்றது இந்த ரூமோட இருக்கணும் ஆன்ட்டி. இளநி வாயில இருந்து நாப்பது காட்டியிருந்தா, உங்க பேரை ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சிருப்பேன்.”

“என்ன சொல்லுத?”

“பத்து வருசம் ஒரு தண்ணியக் குடிச்சா அது ரத்தத்துல மட்டும் இருக்காது. எலும்புல, கொழுப்புல, எல்லாத்துலயும் உக்காந்துக்கும். நீங்க எவ்வளவு வேர்த்தாலும் உள்ளேர்ந்து சுரந்துகிட்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் எண் கொஞ்சம் கொஞ்சமா கூடிக்கிட்டே வரும், போன தடவை நீங்க நாப்பத்து நாலு. நேர்மையா இங்க வாழ்ந்தவங்க யாருமே இருபதாவது தடவை நாப்பத்தஞ்சுக்குக் கீழ வந்ததில்ல. வந்தா ரெண்டே காரணம்தான். ஒண்ணு, ஏமாத்துறாங்க. இல்லாட்டி, இங்க வாழவே இல்ல, பேருக்கு வந்து வந்து போனவங்க. பத்தொன்பது தடவை இறங்குதான்னு பாக்குறோம். இருபதாவது தடவை இறங்காம நிக்குதான்னு பாக்குறோம்.”

அமலோற்பவம் வாயைப் பிளந்தபடி இருந்தாள். பிறகு கோபம் வந்தது. “அதை முன்னாடியே சொன்னா என்ன? ஆறு நாளு உப்பளத்துல உயிர விட்டேனே!”

“சொன்னா, இருபதாவது தடவை வர்றவங்க எல்லாரும் இந்தத் தண்ணியவே ஒளிச்சு எடுத்துட்டுப்போய்க் குடிச்சிட்டு வந்திடுவாங்கல்ல?”



குணவதி ஒரு தாளை எடுத்துவைத்தாள். “இங்க கையெழுத்து. ஆனா இதை நான் படிச்சுக் காட்டணும். இப்ப எல்லா நாட்லயும் இதே மாதிரி வாசல் வந்திருச்சு. உங்க ஊர்லயும்தான். இனிமே நீங்க பிறந்த ஊருக்குப் போனா, வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்கன்னுதான் எழுதுவாங்க. தொண்ணூறு நாள். அதுக்கு மேல தங்கணும்னா நீங்க வெளிய போயிட்டுத் திரும்ப வரணும்.”

அமலோற்பவம் பேனாவை எடுத்தவள் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். கடற்கரைச் சாலை, மாதா கோயில் மணி, அண்ணன் வீட்டு வாசலில் காயப்போட்ட நெத்திலி. அந்த ஊர் வாசலில் நின்று, நாக்கை நீட்டி, அயலார் வரிசையில் தான். ஒரு சொட்டுக் கண்ணீர் தாளில் விழுந்தது. அதைப் புறங்கையால் துடைத்தாள்.

“தொண்ணூறு நாளு அண்ணன் வீட்டுல யாரு இருக்கது? மதினி ஒரே வாரத்துல மூஞ்சியத் தூக்கிருவா” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே பாய் ஓடிவந்தார். “இளநி வேலை செஞ்சிச்சா அக்கா?”

“இளநி நல்லா இனிப்பா இருந்துச்சு பாய்.” தவமலர் மகனைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவன் அம்மாவின் கறுத்த கையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தொம்மை கிட்டே வந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார். கடைசியில், “என்னட்டி, உள்ள விட்டுட்டாங்களா?” என்றார்.

“என்னய விட்டுட்டாங்க. உங்கள இங்க வச்சிருக்கதா, வெளிய தள்ளுததான்னு இனிமே நான்தான் சொல்லணுமாம். மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன்.”

“அப்ப இருந்துட்டுப் போங்க” என்றாள் அமலோற்பவம். அவர் கையிலிருந்த குடையை வாங்கி விரித்து, பாதி நிழலை அவருக்குக் கொடுத்து, மெஸ்ஸில் மத்தியானத்துக்கு என்ன மீன் வந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே நடந்தாள்.

இவ்வளவுதான் கண்ணுகளா கதை. எழுந்து போங்கள், நேரமாகிவிட்டது. உங்கள் வீட்டிலிருந்து எங்கெங்கோ போயிருக்கிறவர்கள் எல்லாரும் முகம் சிரிக்கத் திரும்பி வரட்டும். அவர்கள் வரும்போது அடுப்பில் சூடாக ஏதாவது இருக்கட்டும். உங்கள் குடும்பம் எந்தக் கரையில் போய் இறங்கினாலும் அந்தக் கரைத் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொள்ளட்டும். நன்றாக இருங்கள்.